வெந்நீர் ஊற்று ஏன் ஆற்றோரத்திலேயே இருக்கிறது? இரண்டு ஆறு ஓடும் ஸ்ரீரங்கத்தில் ஏன் இல்லை?

திருச்சியில் மே மாதம் வெந்நீர் ஊற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்புதான் பதிலாக வரும். "மாடி டேங்க் தண்ணியே கொதிக்குது, இதுல ஊத்து வேறயா?" நியாயமான கேள்வி. ஆனாலும் நீண்ட விடுமுறை வரும்போதெல்லாம் இன்ஸ்டாவில் அந்த ரீல்ஸ் வந்துவிடுகிறது. பனி மூடிய மலை, கீழே இரைச்சலாக ஓடும் ஆறு, கரையில் ஆவி பறக்கும் ஒரு குட்டை, அதில் கழுத்தளவு தண்ணீரில் நாலு பேர். பார்த்த கையோடு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "போலாமா?" என்று கேள்வி விழுகிறது.

போவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குட்டைக்குப் பக்கத்தில் அநேகமாக எப்போதும் ஓர் ஆறு இருக்கிறது. மணிகரண் என்றால் பார்வதி நதி. தத்தாபானி என்றால் சட்லஜ். லடாக்கின் சுமத்தாங்கில் சிந்து நதி. மும்பைக்குப் பக்கத்து வஜ்ரேஸ்வரி, கணேஷ்புரியில் தான்சா ஆறு. கர்நாடகத்தின் புத்தூர் அருகே உள்ள பெந்த்ரு தீர்த்தம்கூட சீரேஹொளே என்ற சின்ன ஆற்றின் கரையில்தான் இருக்கிறது.

அப்படியானால் ஸ்ரீரங்கம்? வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் தீவு. போதாததற்குத் திருவானைக்காவல் கருவறைக்குள்ளேயே தண்ணீர் கசிந்து வருகிறது; பஞ்சபூதத் தலங்களில் அது நீருக்கான தலம். ஆறும் உண்டு, ஊற்றும் உண்டு. சூடு மட்டும் இல்லை. ஏன்?

மார்கழிக் கிணறு சொல்லும் கணக்கு

விடை வீட்டுக் கிணற்றிலேயே தொடங்குகிறது. மார்கழி விடியலில் கிணற்றில் இருந்து முதல் வாளி இறைத்து ஊற்றினால் தண்ணீர் வெதுவெதுன்னு இருக்கும். அதே கிணற்றின் தண்ணீர் சித்திரை மதியத்தில் ஜில்லென்று இருக்கும். கிணறு மாறவில்லை, தண்ணீரின் வெப்பமும் பெரிதாக மாறவில்லை. மாறியது வெளிக்காற்று.

தரைக்குக் கீழே பத்துப் பதினைந்து மீட்டர் போய்விட்டால் பகல், இரவு, கோடை, குளிர் எதுவும் எட்டாது. அங்கே மண்ணும் தண்ணீரும் அந்த ஊரின் ஆண்டு சராசரி வெப்பத்திலேயே நிற்கும். திருச்சிக்கு அது சுமார் 29 டிகிரி செல்சியஸ். ஜனவரி விடியலில் வெளியே 20, 21 டிகிரி இருக்கும்போது 29 டிகிரித் தண்ணீர் சூடாகத் தெரிகிறது. வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது அதே தண்ணீர் குளுமையாகத் தெரிகிறது.

அதற்கும் கீழே போனால் கதை மாறுகிறது. ஆழம் கூடக் கூட வெப்பம் ஏறும். உலகச் சராசரி என்று பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. தென்னிந்தியா போன்ற பழைய, ஆறிப்போன பாறை நிலத்தில் இதைவிடக் குறைவு. 15, 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் திருச்சிக்குக் கீழேயும் நான்கு கிலோமீட்டர் வாக்கில் போனால் தண்ணீர் கொதிக்கும் அளவு சூடு இருக்கிறது. டெல்டாவின் கிழக்கே, கடலோரம், எண்ணெய்க்காகத் துளைத்த ஆழக் கிணறுகளின் அடியில் 100 டிகிரியைத் தாண்டும் வெப்பம் சாதாரணம்.

ஆக, சூடு எல்லா ஊருக்கும் கீழே இருக்கிறது. எரிமலை வேண்டும் என்பதெல்லாம் கட்டாயமில்லை. அந்தச் சூட்டைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் மேலே வருவதற்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். அந்த வழி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

இறங்கும் வழி, ஏறும் வழி

மலையில் மழை பெய்கிறது அல்லது பனி உருகுகிறது. அதில் ஒரு பகுதி பாறை வெடிப்புகளில் இறங்குகிறது. வெடிப்பு ஆழமாகத் தொடர்ந்தால் தண்ணீரும் இறங்கிக்கொண்டே போகும், சூடேறிக்கொண்டே போகும். சூடான நீர் கொஞ்சம் லேசாகும். மேலே மலையில் நிற்கும் தண்ணீரின் எடை பின்னாலிருந்து தள்ளும். ஏறிவர இன்னொரு பிளவு கிடைத்தால் போதும், ஊற்று தயார். இந்தப் பயணத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம், பல நூறு ஆண்டுகளும் ஆகலாம். நீங்கள் கால் நனைக்கும் தண்ணீர் உங்கள் தாத்தா காலத்துக்கும் முந்தைய மழையாக இருக்கக்கூடும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஏறும்போது வேகமாக ஏற வேண்டும். மெதுவாகக் கசிந்து வந்தால் வழியிலேயே ஆறிவிடும்.

இப்போது ஆற்றோரக் கேள்விக்கு வருவோம். அடியில் இருந்து வரும் தண்ணீர் வெளியேற இருப்பதிலேயே தாழ்வான இடத்தைத்தான் தேடும். மலைப்பகுதியில் தாழ்வான இடம் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இன்னொன்று, ஆறுகளும் தங்கள் பாதையைச் சும்மா தேர்ந்தெடுப்பதில்லை. பாறை எங்கே உடைந்து பலவீனமாக இருக்கிறதோ அங்கேதான் அறுத்துக்கொண்டு போவது சுலபம். பல இடங்களில் ஆறும் ஊற்றும் ஒரே பிளவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால்தான் ஒரு பக்கம் பனி உருகிய ஆறும், இரண்டடி தள்ளிக் கைவைக்க முடியாத சூட்டில் ஊற்றும்.

மணிகரணில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். ஆற்றில் கை வைத்தால் மரத்துப்போகும். கரையில் இருக்கும் குருத்வாராவில் ஊற்று நீர் 90 டிகிரிக்கு மேல். அரிசியையும் பருப்பையும் பாத்திரத்தில் போட்டு ஊற்றுக்குள் இறக்கிவிட்டால் வெந்துவிடுகிறது. அன்னதானச் சமையலே அப்படித்தான் நடக்கிறது. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் ஊற்றின் அதிகபட்ச வெப்பம் 84 டிகிரி. கேட்க மணிகரணைவிடக் குறைவு. ஆனால் அந்த இடம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 4,400 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது பூகாவில் மண்ணுக்குள் இருந்து வருவது ஏறக்குறைய கொதிநீர்.

இந்தியா முழுக்க இப்படி 300க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் பதிவு செய்திருக்கிறது. இமயமலையில்தான் சூடான கூட்டம். இந்தியத் தட்டு ஆசியாவை இன்னும் முட்டித் தள்ளிக்கொண்டிருப்பதால் அங்கே பிளவுகளும் ஆழம், சூடும் மேலே நெருங்கி வந்திருக்கிறது.

விதிக்கு அடங்காத ஊற்றும் உண்டு. இலங்கையில் திருகோணமலைக்கு வெளியே உள்ள கன்னியாவில் பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் இல்லை. அருகருகே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்கு நீர்க்கடன் செய்ய உண்டாக்கியவை என்பது ஊர்க்கதை. அடியில் வரும் சூடான நீரோடு மேலே இருக்கும் குளிர்ந்த நிலத்தடி நீர் கிணற்றுக்குக் கிணறு வேறு வேறு அளவில் கலக்கிறது என்பது அறிவியல் தரும் விளக்கம்.

அப்போ ஸ்ரீரங்கம்?

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்குகிறது. இடையில் இருப்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும். மணல் என்பது தண்ணீருக்கு ஸ்பாஞ்ச் மாதிரி. ஆற்று நீர் பக்கவாட்டில் ஊறி, தீவின் அடியில் நிறைந்து, எங்கே தரை தாழ்வாக இருக்கிறதோ அங்கே எட்டிப்பார்க்கிறது. திருவானைக்காவலில் நடப்பது இதுதான். கோடையில் அம்மா மண்டபத்துக்கு எதிரே வறண்ட காவிரி மணலில் கையால் தோண்டினால் ஊறி வரும் ஊற்றும் இதேதான்.

இந்தத் தண்ணீர் ஆழமாகப் போவதில்லை. மணல் முடிந்ததும் கடினமான பழம்பாறை. அதற்குள் கிலோமீட்டர் கணக்கில் இறங்கி மறுபடி ஏறிவரும் திறந்த பிளவு இங்கே இல்லை. பின்னாலிருந்து தள்ளப் பக்கத்திலேயே உயர்ந்த மலையும் இல்லை; மலைக்கோட்டை அழகுதான், ஆனால் இந்த வேலைக்குக் காணாது. ஒரு பேச்சுக்கு அடியில் இருந்து கொஞ்சம் சூடான நீர் கசிந்தாலும், மேலே நிற்கும் மணல் முழுக்க இருக்கும் 29 டிகிரித் தண்ணீர் அதை விழுங்கிவிடும்.

திருச்சிக்காரர்களுக்கு இது இழப்பே இல்லை. மாநகராட்சிக் குழாயில் வரும் தண்ணீரின் பெரும்பகுதி, கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்றுப் படுகைக்குள் இறக்கிய சேகரிப்புக் கிணறுகளில் ஊறுவது. மணல் வடிகட்டித் தருகிற ஊற்று நீர். வெந்நீர் ஊற்றில் கந்தகமும் உப்பும் கலந்திருக்கும், குடிக்க முடியாது. காவிரி ஊற்று பல லட்சம் பேருக்குக் குடிநீர்.

சரி, போகலாம் என்றால் எங்கே?

திருச்சியில் இருந்து ரயிலில் போகக்கூடிய இடம் பெந்த்ரு தீர்த்தம். சென்னை எழும்பூரில் கிளம்பும் மங்களூர் எக்ஸ்பிரஸ் திருச்சி வழியாகத்தான் போகிறது. மங்களூரில் இறங்கிச் சுமார் 50 கி.மீ. தள்ளிப் புத்தூர். அங்கிருந்து பதினைந்து கி.மீ. அளவில் இர்தே கிராமம். பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே, ஆற்றை ஒட்டி ஒரு தொட்டி. தண்ணீர் 37 முதல் 41 டிகிரி வரை, லேசான கந்தக வாசனை. துளுவில் 'பெந்த்ரு' என்றாலே வெந்நீர். நம்ம 'வெ' அங்கே 'பெ' ஆகியிருக்கிறது, வார்த்தை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போவது நல்லது. ஆவி பறக்காது, பனிமலை இருக்காது, ரீல்ஸுக்கு ஆகாது. ஆனால் மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். அந்த ஊரின் சராசரி வெப்பம் 27 டிகிரி வாக்கில். ஊற்று 41. பதினான்கு டிகிரி ஏற வேண்டுமென்றால், கிலோமீட்டருக்கு 20 டிகிரி என்று எடுத்தால், தண்ணீர் குறைந்தது 700 மீட்டர் ஆழம் வரை போய்த் திரும்பியிருக்க வேண்டும். வழியில் ஆறியதையும் சேர்த்தால் இன்னும் ஆழம். தோட்டத்து ஓரத்தில் சும்மா கிடக்கும் ஒரு தொட்டித் தண்ணீருக்கு இது பெரிய பயணம்.

நிஜமாகவே ஒதுக்குப்புறமாக வேண்டும் என்பவர்கள் கீர்கங்காவைத் தேடுகிறார்கள். குலு பக்கம் புந்தர், கசோல், மணிகரண் தாண்டி பர்ஷைனி வரை வண்டி. அதன்பிறகு ஏறத்தாழ 12 கி.மீ. ஏற்றம், நடந்துதான் ஆக வேண்டும். குளம் கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரத்தில். சுமத்தாங் இதைவிடத் தூரம். லேயில் இருந்து சிந்து நதியை ஒட்டியே போகும் சாலையில், ஆற்றங்கரையில் தண்ணீர் குமிழியிடுவதை வண்டியில் இருந்தே பார்க்கலாம். லே நகரமே 3,500 மீட்டர் உயரம் என்பதால் விமானத்தில் இறங்கியதும் இரண்டு நாள் பேசாமல் ஓய்வெடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தலைவலி, வாந்தி என்றால் 'சமாளிச்சுக்கலாம்' என்று மேலே ஏறக்கூடாது, இறங்க வேண்டும்.

எது ஆபத்து?

பலரும் பயப்படுவது சூட்டுக்கு. அது சரியான பயம்தான். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். உடம்பு சௌகரியமாகத் தாங்குவது 40, 42 டிகிரி வரைதான். ஆற்றோர ஊற்றில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆற்று நீர் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்துக் குட்டையின் சூடு மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஒருவர் போட்ட வீடியோவில் இதமாக இருந்த இடம், இன்று ஆறு இறங்கியிருந்தால் சுடும். ஒரே குட்டையின் இந்த மூலை வேறு, அந்த மூலை வேறு. முதலில் முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்குவதுதான் உள்ளூர்க்காரர்கள் செய்வது. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். குடித்துவிட்டு இறங்குவது யாருக்குமே கூடாது.

மூக்கு விஷயம் பலருக்குத் தெரியாது. கேரளத்தில் 2024இலும் 2025இலும் செய்திகளில் அடிபட்ட 'மூளையைத் தின்னும் அமீபா' வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. 46 டிகிரி வரை தாங்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. தொற்று மிக அரிது, வந்தால் பிழைப்பது கடினம். ஆகவே வெந்நீர்க் குட்டையில் முங்கிக் குளிப்பது, தலைகீழாகப் பாய்வது இரண்டும் வேண்டாம். கழுத்தளவோடு நிறுத்திக்கொள்ளலாம். புனித நீராடலுக்குப் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினால் ஆபத்து பெருமளவு குறையும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து பக்கத்தில் ஓடும் ஆறுதான். 2014 ஜூன் 8ஆம் தேதி இமாச்சலத்தின் பியாஸ் ஆற்றில், மேலே லார்ஜி அணையில் இருந்து திறந்த தண்ணீர் சில நிமிடங்களில் உயர்ந்துவர, பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். மணிகரண் வழியாக வரும் பார்வதி நதி கலப்பது இதே பியாஸில்தான். இமாச்சல ஆறுகளில் வரிசையாக நீர்மின் திட்டங்கள். வெயில் அடிக்கிறது, மழை இல்லை என்பதெல்லாம் அங்கே உத்தரவாதம் ஆகாது. ஆற்று நடுப் பாறையில் நின்று செல்ஃபி எடுக்கும் ஆசையைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். மேட்டூர் திறந்த நாளில் காவிரிப் படித்துறையில் எப்படி நடந்துகொள்வோமோ, அங்கே எல்லா நாளும் அப்படித்தான்.

கந்தக நீரில் குளித்தால் தோல்நோய் போகும், மூட்டுவலி போகும் என்று எல்லா ஊற்றிலும் சொல்வார்கள். வெந்நீர் தசைவலிக்கு இதமாக இருப்பது உண்மை. அதற்கு மேல் நம்பிக்கை வைத்து மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள், அது விபரீதம்.

வழி அடைபட்டால்

ஒரு வெந்நீர் ஊற்று எப்படிக் காணாமல் போகும் என்பதற்குத் தத்தாபானி உதாரணம். சிம்லாவில் இருந்து 50 கி.மீ. அளவில், சட்லஜ் கரையில் தலைமுறை தலைமுறையாக மக்கள் நீராடிய ஊற்றுகள். கீழே கோல் அணை கட்டப்பட்டது; என்டிபிசியின் 800 மெகாவாட் நீர்மின் திட்டம், 2015இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. நீர்த்தேக்கம் நிறைந்தபோது ஊற்றுகள் நீருக்கடியில் போய்விட்டன. பிறகு கரையில் ஆழ்துளை போட்டு வெந்நீரை மேலே கொண்டுவந்து தொட்டிகளில் விட்டார்கள். இப்போது போகிறவர்கள் குளிப்பது அந்தத் தண்ணீரில்.

பூகாவில் நடந்தது வேறு மாதிரி. நிலத்தடிச் சூட்டில் இருந்து மின்சாரம் எடுக்க ஓஎன்ஜிசி அங்கே துளைபோட, 2022 ஆகஸ்ட்டில் அழுத்தம் தாங்காமல் திரவம் பீறிட்டுப் பக்கத்து ஓடையில் கலந்தது. வேலை நிறுத்தப்பட்டது. பாறைப் பிளவு என்பது குழாய் மாதிரி நேர்கோட்டில் இருப்பதில்லை. எங்கே குத்தினால் எங்கே அழுத்தம் குறையும், எங்கே கூடும் என்று மேலிருந்து முழுசாகக் கணிப்பது கடினம். பெந்த்ரு தீர்த்தம் போன்ற சின்ன ஊற்றுக்குப் பெரிய திட்டம்கூட வேண்டியதில்லை. சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகள் அதே பிளவுகளில் இருந்து அதிகமாக இறைத்தால் அழுத்தம் இறங்கிவிடும்.

காவிரி ஊற்றுக்கு வழி என்பது மணல். ஒரு ஹெக்டேர் படுகையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மணல் அள்ளினால் போவது 10,000 கன மீட்டர் மணல். அதன் இடுக்குகளில் தேங்கி, வடிந்து கிணறுகளுக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 20 லட்சம் லிட்டர். அடுத்த வெள்ளம் வந்து ஆற்றை நிரப்பலாம், ஆனால் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க இடம் இருக்காது. படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் கூடவே தாழும். ஆற்றுக்குள் நிற்கும் எதற்கும் காலடி பலவீனமாகும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் 9 உடைந்தன. அதே மாதம் திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. இரண்டும் பழைய கட்டுமானங்கள்தான். வயது மட்டும்தான் காரணமா, மணல் போனதும் காரணமா என்ற வாதம் அப்போதே எழுந்தது.

வறட்சி ஆண்டில் திருவானைக்காவல் கருவறைக் கசிவு குறைவதையும், ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு கூடுவதையும் அங்கே வழக்கமாகப் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். வெந்நீர் ஊற்றில் இந்த மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம், அதன் மழை அவ்வளவு பழையது. ஸ்ரீரங்கத்தில் மேட்டூர்த் தண்ணீர் வந்து சில வாரங்களிலேயே தெரிந்துவிடுகிறது.